பெற்றதைச் சொல்லும் பரிந்துரை: விளம்பரத் துறையில் செல்வாக்காளரும் சமூகக் கூட்டாண்மையும்

ஆய்வுச் சுருக்கம்

நிறுவனம் தன் பொருளைத் தானே புகழ்வதைக் காட்டிலும், வாங்குவோர்க்கு அறிமுகமான ஒருவர் அதைப் பரிந்துரைப்பது மிகுந்த பயன் தரும் என்னும் எண்ணம் இன்றைய விளம்பரத் துறையின் இரு பெரும் உத்திகளுக்கு அடிப்படையாக உள்ளது. ஒன்று, சமூக ஊடகச் செல்வாக்காளரைக் கொண்டு விளம்பரம் செய்தல். மற்றொன்று, மகளிர் குழுக்கள் போன்ற உள்ளூர் அமைப்புகளோடு கூட்டாண்மை கொள்ளுதல். இவ்விரண்டும் தனித்தனித் துறைகளாகவே ஆராயப்பட்டு வருகின்றன. இவை ஒரே செயலின் இரு வடிவங்கள் எனக் கொண்டு, இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் 'சக்தி' திட்டத்தையும், இந்தியாவில் 2021 முதல் செல்வாக்காளர்க்கு வகுக்கப்பட்ட விதிகளையும் இக்கட்டுரை ஒருசேர மதிப்பிடுகிறது. பரிந்துரைப்பவர் பெற்றது என்ன, பொருள் விலைபோகாவிடில் இழப்பு யாருடையது என்னும் இரு வினாக்கள் மதிப்பீட்டுக்கு அளவுகோலாகின்றன. முதல் வினாவுக்கான உரைகல்லாகப் பத்துப்பாட்டின் ஆற்றுப்படை மரபு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பரிந்துரை, செல்வாக்காளர், சமூகக் கூட்டாண்மை, சக்தி திட்டம், ஆற்றுப்படை, விளம்பர ஒழுங்குமுறை.

1. முன்னுரை

'பரிந்துரை' என்னும் சொல் பரிந்து உரைத்தல் என விரியும். கேட்பவர்பாலோ, யாருக்காகப் பேசப்படுகிறதோ அவர்பாலோ கொண்ட பரிவே அச்சொல்லின் வேர். ஆகவே ஒருவர் ஒரு பொருளைப் பரிந்துரைக்கிறார் என்றதும், அவர் சொல்லுக்குப் பின்னே பரிவு இருப்பதாகக் கேட்பவர் எடுத்துக்கொள்வது இயல்பு. அந்த எதிர்பார்ப்பையே விளம்பரத் துறை இப்போது விலைக்கு வாங்குகிறது. செய்தித்தாளின் அரைப்பக்கத்தையோ தொலைக்காட்சியின் முப்பது நொடியையோ வாங்கிய நிறுவனம், இன்று ஒருவர்மீது மற்றவர் வைத்துள்ள நம்பிக்கையை வாங்குகிறது. இடத்தையும் நேரத்தையும் விற்றவர் ஊடக உரிமையாளர். நம்பிக்கையை விற்பவரோ பெரும்பாலும் அதை ஈட்டிய தனிமனிதர். அந்நம்பிக்கையின் மறுபாதி கேட்பவருக்கு உரியது. அவரிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை.

வணிக மேலாண்மை நூல்கள் இதனை வெற்றி உத்தியாக விவரிக்கின்றன. நுகர்வோர் சட்டம் தவறான விளம்பரம் என்னும் கோணத்தில் நோக்குகிறது. இவ்விரு நோக்குகளிலும் விடுபடுவது, உறவு வணிகக் கருவியாகும்போது அவ்வுறவுக்கு நேர்வது என்ன என்னும் கேள்வி. அக்கேள்வியை முன்வைத்தே இக்கட்டுரை அமைகிறது.

2. நோக்கமின்மையின் ஆற்றல்

செல்வாக்காளர் என்னும் கருத்தாக்கத்தின் கல்விப்புல வேர் 1940ஆம் ஆண்டில் உள்ளது. அவ்வாண்டின் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒகையோ மாநிலத்தின் ஈரி வட்டாரத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்ட், பெர்னார்ட் பெரல்சன், ஹேசல் கோடெட் ஆகியோர் வாக்காளரிடம் ஆய்வு நடத்தினர். 1944இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வு, வானொலியும் செய்தித்தாளும் மக்களை நேரடியாக மாற்றிவிடுவதில்லை என்று காட்டியது. கருத்துகள் முதலில் உள்ளூர்க் கருத்துத் தலைவர்களைச் சென்றடைகின்றன. அவர்கள் வழியாகவே பிறரை அடைகின்றன என்னும் 'இருபடி ஓட்டம்' அதிலிருந்து உருவானது.

இக்கருத்தை லாசர்ஸ்ஃபெல்டும் எலிகு காட்ஸும் 1955இல் வெளியிட்ட 'தனிமனிதச் செல்வாக்கு' என்னும் நூல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகரில் ஏறத்தாழ 800 பெண்களிடம் நடத்தப்பட்ட கள ஆய்வே அந்நூலின் அடிப்படை. வீட்டுப் பொருள்கள் வாங்குதல், உடைப் பாங்கு, பொது நடப்புகள், திரைப்படம் ஆகிய நான்கிலும் யார் சொல் யாரிடம் எடுபடுகிறது என்பதை அது ஆராய்ந்தது. அவ்வாய்வுக்கு நிதி வழங்கியது மக்ஃபாடன் என்னும் இதழ் வெளியீட்டு நிறுவனம் என்பது கவனிக்கத்தக்கது. விளம்பர வருவாயை நம்பிய ஒரு நிறுவனத்தின் தேவையும் சமூகவியலின் தேடலும் தொடக்கத்திலேயே கைகோத்திருந்தன.

இம்மரபில் பின்வந்தோர் பெரிதும் கருதாமல் விட்ட ஒரு நுட்பம் 1944ஆம் ஆண்டு நூலிலேயே உள்ளது. அண்டை வீட்டார் சொல் ஏன் எடுபடுகிறது என்பதற்கு ஆசிரியர்கள் காட்டும் காரணங்களுள் முதன்மையானது, அப்பேச்சின் நோக்கமின்மை. பேச்சோடு பேச்சாக வரும் கருத்தைக் கேட்பவர் தற்காப்பு உணர்வின்றி ஏற்கிறார். பரப்புரை எனத் தெரிந்து கேட்கும் செய்தியிடம் அவர் விழிப்போடு இருக்கிறார். செல்வாக்கின் ஊற்று நோக்கமின்மை என்றால், ஒரு நிறுவனம் கருத்துத் தலைவரை ஊதியத்துக்கு அமர்த்திய நொடியில் அவ்வூற்று அடைபட வேண்டும். அடைபடாமல் இருப்பதற்கு ஒரே வழி, நோக்கம் கேட்பவர்க்குப் புலப்படாமலிருப்பது. செல்வாக்காளர் விளம்பரத்தின் அடிப்படை முரண் இதுவே. ஆதலால் மறைப்பைச் சில தனிமனிதரின் ஒழுக்கக்கேடு என்று மட்டும் கொள்ள இயலாது; அவ்வுத்தியின் அமைப்பே மறைப்பைத் தூண்டுகிறது.

3. ஆற்றுப்படை ஓர் உரைகல்

நோக்கத்தை மறைக்காமல் பரிந்துரைக்க இயலுமா என்னும் வினாவுக்கு விடைகாணத் தமிழிலக்கியத்தில் ஒரு முழு வகைமை உள்ளது. பத்துப்பாட்டுள் ஐந்து பாடல்கள் ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படை நீங்கலான நான்கிலும், வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனை அவ்வள்ளலிடம் செல்லுமாறு வழிப்படுத்துகிறான். தொல்காப்பியப் புறத்திணையியலும் பெற்றவர் பெறாதவர்க்கு அறிவுறுத்தல் என்றே இதனை வரையறுக்கிறது. பெற்றமை இங்கு இலக்கணத்தின் உறுப்பாகவே உள்ளது. பெறாதவர் ஆற்றுப்படுத்த இயலாது. பெற்றதை மறைத்தவரும் ஆற்றுப்படுத்த இயலாது.

மூன்று கூறுகள் இங்கு நோக்கத்தக்கன. முதலாவது, பெற்றதன் விரிவு. முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளித்த உணவு, உடை, பொன், தேர் என ஒவ்வொன்றும் எண்ணிச் சொல்லப்படுகிறது. ஊன் தின்று தின்று பற்கள் மழுங்கிய நிலைகூட மறைக்கப்படவில்லை. இரண்டாவது, பெறுமுன் இருந்த நிலை. நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனிடம் செல்லுமுன் தன் அடுக்களை இருந்த கோலத்தை, உப்பின்றி வெந்த கீரையைப் பிறர் காணாமல் கதவடைத்து உண்ட வறுமையைப் பாணன் சொல்கிறான். மூன்றாவது, வழியின் இடர். மலைபடுகடாம் நன்னனின் கொடையைப் புகழும் அளவுக்கே அவனிடம் செல்லும் பாதையின் ஆபத்துகளையும் விரித்துரைக்கிறது. பாம்பு உறையும் குழிகள், வழுக்கும் பாறைகள், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கற்கள் எனப் பயணி அஞ்ச வேண்டியவை வரிசையாக வருகின்றன.

ஆற்றுப்படையை விளம்பரத்தின் முன்னோடி எனக் கூறுவது பொருந்தாது. புரவலன் பெறுவது புகழ், விற்பனையன்று. கொடைக்காகப் புகழும் உறவில் அதிகாரச் சமமின்மை உண்டு என்பதும் மறுக்கத்தக்கதன்று. ஆற்றுப்படுத்தப்படுபவன் எதையும் விலைகொடுத்து வாங்குவதில்லை என்பது இன்னும் முதன்மையான வேறுபாடு. ஆயினும், தான் பெற்றதைச் சொல்வதால் பரிந்துரை வலுவிழக்கும் என்னும் இன்றைய துறையின் அச்சத்துக்கு இவ்வகைமை எதிர்ச்சான்றாக நிற்கிறது. இங்குப் பெற்றதைச் சொல்வதே பரிந்துரையின் வலிமை.

4. 'சக்தி அம்மா': உறவும் கடனும்

திரைக்கு வெளியே நிகழ்ந்த பரிந்துரை வணிகத்தின் பெரும் எடுத்துக்காட்டாக இந்தியாவில் அமைந்தது சக்தி திட்டம். 2007இல் இந்துஸ்தான் யூனிலீவர் எனப் பெயர் மாறிய இந்துஸ்தான் லீவர் நிறுவனம், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் நல்கொண்டா மாவட்டத்தில் 50 சிற்றூர்களில் 2000-2001 காலப்பகுதியில் இதனைத் தொடங்கியது. 2,000க்கும் குறைந்த மக்கள் வாழும் ஊர்களுக்கு வண்டி அனுப்பி முகவர் வைத்து விற்பது நிறுவனத்துக்குக் கட்டுபடியாகவில்லை. அவ்வூர்களிலோ மகளிர் சுய உதவிக் குழுக்கள் வலுவாக வேரூன்றியிருந்தன. குழு உறுப்பினர் ஒருவர் குழுவின் வழியாகவோ வங்கியிலோ சிறுகடன் பெற்று நிறுவனத்தின் சோப்பு, ஷாம்பு, சலவைத்தூள் முதலியவற்றை வாங்கித் தம் ஊரில் வீடுவீடாக விற்பார். இம்முறை பின்னர் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களுக்கும் பரவியது. நிறுவனம் அறிவித்த கணக்கின்படி இப்பெண்களின் எண்ணிக்கை ஒரு இலட்சத்தைக் கடந்தது.

இப்பெண்களுக்கு வழங்கப்பட்ட பெயர் 'சக்தி அம்மா'. தெலுங்கிலும் தமிழிலும் 'அம்மா' தாயைக் குறிக்கும் சொல்லாகவும், பெண்டிரை மதித்து விளிக்கும் சொல்லாகவும் வழங்குகிறது. விற்பனை முகவர் என்னும் பதவிப்பெயரின் இடத்தில் இச்சொல் அமரும்போது, வாங்க மறுப்பது ஒரு பொருளை மறுப்பதாக மட்டும் நிற்பதில்லை. உறவுப் பெண்ணொருத்தியின் முகத்தை முறிப்பதாகவும் ஆகிறது. சுய உதவிக் குழுவின் அடித்தளம் ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்கும் நம்பிக்கை. ஒருவர் கடன் கட்டத் தவறினால் குழுவின் நற்பெயர் பாதிக்கப்படும். அத்தகைய குழுவில் ஒருவர் சரக்கு வாங்கக் கடன்பட்டுள்ளார் என்றால், அவரிடம் வாங்குவது பிறருக்கு ஓரளவு கடமையாகவும் மாறுகிறது. வங்கி ஈடின்றிக் கடன் தருவதற்கு எந்த நம்பிக்கை அடிப்படையோ, அதே நம்பிக்கை சோப்பு விற்கவும் பயன்படுத்தப்பட்டது.

இரண்டாவது வினா இங்கு எழுகிறது. முதல் சரக்குக்கான கடன் அப்பெண்ணின் பெயரில் உள்ளது. வட்டி அவருடையது, விலைபோகாமல் தேங்கும் சரக்கின் சுமை அவர் வீட்டில், கடன் சொல்லி வாங்கியவர் தராவிடில் மனத்தாங்கலும் அவருக்கே. திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு பெண்ணுக்கு மாதம் ஏறத்தாழ 700 முதல் 1,000 ரூபாய் வரை வருவாய் கிடைப்பதாக நிறுவனம் கூறியது. அக்காலச் சிற்றூர்க் குடும்பத்துக்கு அது பொருட்படுத்தத்தக்க தொகைதான். ஆனால், நிறுவனம் முதலிடாத ஊர்களில் அதன் சந்தை விரிந்ததற்கு முதலீடு செய்தவர் யார் என்று கேட்டால், தம் கடனையும் தம் உறவுகளையும் இட்ட அப்பெண்களே என்று விடை வருகிறது. 'கூட்டாண்மை' என்னும் சொல் இலாபத்தையும் இழப்பையும் பகிர்வதைக் குறிக்குமானால், இங்கு இழப்பின் பகிர்வு எவ்வாறு அமைந்தது என்பதை அச்சொல் மறைக்கிறது.

திட்டத்தின் மற்றொரு கிளை 'சக்தி வாணி'. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருவர் பள்ளிகளிலும் மகளிர் குழுக் கூட்டங்களிலும் உடல்நலம், தூய்மை குறித்துப் பேசுவார். நற்செயலும் விற்பனையும் ஒரே நாவில் கலக்கும் இடம் இது. இத்தகைய கலப்பு விவாதமின்றி ஏற்கப்படவில்லை. உலக வங்கியும் சோப்பு நிறுவனங்களும் இணைந்து முன்னெடுத்த கைகழுவும் இயக்கம் கேரளத்தில் 2002ஆம் ஆண்டளவில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. கைகழுவுதல் நன்று என்பதை எதிர்த்தோர் மறுக்கவில்லை. பொதுநலம் என்னும் பெயரில் யாருடைய சந்தை விரிகிறது என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

5. திரையின் உறவுமொழியும் சட்டத்தின் சொற்களும்

சிற்றூரில் உண்மையான அண்டை உறவு பயன்பட்டது எனில், திரையில் அதன் சாயல் பயன்படுகிறது. தொலைக்காட்சித் தொகுப்பாளரோடு பார்வையாளர் கொள்ளும் ஒருவழி நெருக்கத்தை டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956இலேயே விளக்கினர். சமூக ஊடகம் அந்நெருக்கத்துக்குப் பின்னூட்டம் என்னும் பதில்வழியைச் சேர்த்து அதனை இருவழி உறவு போலத் தோன்றச் செய்தது. தமிழ் யூடியூப் அலைவரிசைகளின் விளிமொழி இதற்கு நல்ல சான்று. பார்ப்போர் 'நம்ம குடும்பம்' ஆகின்றனர்; அலைவரிசை நடத்துபவர் அண்ணனாகவோ அக்காவாகவோ ஆகிறார். சமையல், பிள்ளை வளர்ப்பு, வீடு கட்டுதல் என அன்றாடம் பகிரப்படும் வாழ்க்கையின் நடுவே ஒரு முகப்பூச்சோ முதலீட்டுச் செயலியோ அதே குரலில், அதே உறவுமொழியில் வந்து அமர்கிறது. குரல் மாறாமையே அவ்விளம்பரத்தின் மதிப்பு.

இந்திய ஒழுங்குமுறை இதனை அடுத்தடுத்து எதிர்கொண்டது. இந்திய விளம்பரத் தர மன்றத்தின் செல்வாக்காளர் வழிகாட்டு நெறிகள் 2021 ஜூன் 14 முதல் நடைமுறைக்கு வந்தன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்கீழ்த் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கான நெறிகள் 2022 ஜூனிலும், பரிந்துரைப்போர்க்கான அரசின் கையேடு 2023 ஜனவரியிலும் வெளிவந்தன. தவறான பரிந்துரைக்குப் 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் நிகழுமாயின் 50 இலட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்கச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இடமளிக்கிறது. பரிந்துரைப்பவரை முதலில் ஓராண்டும், மீண்டும் தவறினால் மூன்றாண்டும் வரை தடைசெய்யவும் இயலும். பணம் மட்டுமன்றி இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், விடுதித் தங்கல், குடும்ப உறவு, பணி உறவு ஆகியனவும் வெளிப்படுத்த வேண்டிய தொடர்புகளாக வரையறுக்கப்பட்டன. இவ்வரையறை பாராட்டத்தக்கது.

ஆனால், அந்த விரிவான வரையறை பார்வையாளரை வந்தடையும்போது ஒற்றைச் சொல்லாகச் சுருங்குகிறது. ஏற்கத்தக்க அறிவிப்புகளாகக் கூறப்பட்டவற்றுள் 'விளம்பரம்' என்பதோடு 'இணைந்து செயல்படல்', 'கூட்டாண்மை' என்னும் பொருள்தரும் சொற்களும் இடம்பெற்றன. 'விளம்பரம்' என்ற சொல் ஒரு செயலின் தன்மையைச் சொல்கிறது. 'கூட்டாண்மை' என்ற சொல்லோ இரு சமமானவர் ஒரு பணியில் இணைந்ததாகக் காட்டிக் கைமாறிய பொருளை மறைக்கிறது. வெளிப்படுத்துவதற்கென வகுத்த சொல்லே மறைப்பதற்கும் உதவுகிறது.

வருமான வரிச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இக்குறை தெளிவாகும். 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 194-ஆர் பிரிவின்படி, தொழில்வழியில் ஒருவர் பெறும் நலன்களின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைக் கடந்தால் பத்து விழுக்காடு வரிப்பிடித்தம் உண்டு என வகுக்கப்பட்டது. விளம்பரத்துக்காக அளிக்கப்பட்ட பொருளைச் செல்வாக்காளர் தாமே வைத்துக்கொண்டால் அது நலன். திருப்பித் தந்துவிட்டால் நலனன்று என விளக்கமும் தரப்பட்டது. ஆக, ஒரு கைபேசி பரிசாக வந்ததா, பார்த்துவிட்டுத் திருப்பியனுப்ப வந்ததா என்பதை அரசு தன் வருவாய்க்காக அறிந்துகொள்கிறது. அக்கைபேசியை வாங்கலாமா என எண்ணும் பார்வையாளர்க்கு அவ்வேறுபாடு தெரிய வேண்டிய கட்டாயமில்லை. பெற்றதை எண்ணிச் சொல்லும் முறை இன்றும் உள்ளது. அது கேட்பவரிடம் சொல்லப்படுவதில்லை என்பதே சிக்கல். விற்பனை ஒவ்வொன்றுக்கும் தரகு தரும் இணைப்புகளில் இக்குறை மேலும் பெரிதாகிறது. அங்குப் பரிந்துரைப்பவரின் வருவாய், பார்ப்பவர் வாங்குவதையே நேரடியாகச் சார்ந்துள்ளது.

6. மறுதரப்பும் அதன் வரம்பும்

இம்மதிப்பீட்டுக்கு எதிராக இரு வாதங்கள் முன்வைக்கப்படலாம். முதலாவது, சக்தி திட்டம் பெண்களுக்கு வருவாயோடு வெளியுலகத் தொடர்பையும் கணக்கறிவையும் ஊரில் ஒரு மதிப்பையும் தந்தது என்பது. சி. கே. பிரகலாத் போன்ற மேலாண்மை அறிஞர் ஏழைகளைச் சந்தையின் பங்காளிகளாகக் காண வேண்டும் என வாதிட்டனர். ஏழைகளை நுகர்வோராகக் காண்பதைவிட உற்பத்தியாளராகக் காண்பதே வறுமையைக் குறைக்கும் என அனில் கர்னானி அதனை மறுத்தார். பெண்கள் பெற்ற மதிப்பைப் புறக்கணிக்க இயலாது. எனினும், நன்மை விளைந்தது என்பது இடர் யார் தலையில் விழுந்தது என்னும் கேள்விக்கு விடையாகாது. விலைபோகாத சரக்கை நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு அதே நன்மையைக் குறைக்காது. கூட்டாண்மை என்னும் சொல்லுக்கும் பொருள் சேர்க்கும்.

இரண்டாவது, சிறு செல்வாக்காளரின் எழுச்சி ஊடகத்தைச் சனநாயகப்படுத்தியது என்பது. பெருநகர விளம்பர நிறுவனங்களும் திரைநட்சத்திரங்களும் மட்டுமே பெற்றுவந்த வருவாயில் சிற்றூர்ச் சமையற்கலைஞரும் இல்லத்தரசியும் இன்று பங்கு பெறுகின்றனர். இதுவும் உண்மையே. ஆகவேதான் இங்குக் கேட்கப்படுவது அவ்வருவாயைத் தடுப்பதன்று. அதனைச் சொல்லிப் பெறுவது. நட்சத்திரம் தோன்றும் விளம்பரத்தில் அவர் ஊதியம் பெற்றுள்ளார் என்பது பொதுவாக எவர்க்கும் தெரியும். அக்கா என விளிக்கப்படுபவர் அத்தகைய பொது அறிவின் பாதுகாப்பைத் தம் பார்வையாளர்க்குத் தானாகவே தருவதில்லை. அதனை அவர் சொல்லித்தான் தர வேண்டும்.

7. முடிவுரை

செல்வாக்காளர் விளம்பரமும் சமூகக் கூட்டாண்மையும் ஒரே வளத்தைப் பயன்படுத்துகின்றன. அவ்வளம், மனிதர் ஒருவர்மீது ஒருவர் வைக்கும் நோக்கமற்ற நம்பிக்கை. அது பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையக்கூடியது. அக்கா சொல்வதும் விளம்பரமே, குழுத்தோழி சொல்வதும் விற்பனையே எனப் பழகிய சமூகத்தில், விற்க எதுவுமின்றிச் சொல்லப்படும் நல்ல சொல்லும் ஐயத்தோடு கேட்கப்படும். நிறுவனம் தன் விளம்பர ஆண்டுக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். அவ்வூரிலும் அக்குடும்பத்திலும் தொடர்ந்து வாழ வேண்டியவர்கள் இழக்கும் நம்பிக்கை எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

இவ்வாய்விலிருந்து இரு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, வெளிப்படுத்தல் என்பது ஒற்றைச் சொல்லாக அமையாமல், பெற்றது பணமா, பொருளா, விற்பனைத் தரகா என வகையைச் சொல்வதாக, பேசப்படும் மொழியிலேயே, பேச்சின் பகுதியாகவே அமைய வேண்டும். இரண்டாவதாக, திரையில் தோன்றும் பரிந்துரையைக் கருத்திற்கொண்டு எழுதப்பட்ட விதிகளுக்கு அப்பால், மகளிர் குழுக்களோடு நிறுவனங்கள் செய்துகொள்ளும் உடன்பாடுகளில் கடன், தேங்கிய சரக்கு, இழப்பு ஆகியவற்றின் பொறுப்பு எவர்க்குரியது என்பது எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும். கூட்டாண்மை என்னும் சொல்லைப் பயன்படுத்தும் உரிமை, இழப்பிலும் பங்கேற்பவர்க்கே உண்டு.

ஆற்றுப்படையின் பாணன் தன் பழைய வறுமையையும் புதிய செல்வத்தையும் வழியின் கவண்கற்களையும் ஒருங்கே சொன்னான். கேட்டவன் அனைத்தும் அறிந்தபின் புறப்பட்டான். பரிந்து உரைத்தல் என்னும் சொல் தன் பொருளை இழக்காதிருக்க இன்றைய பரிந்துரையாளரிடமும் எதிர்பார்க்கத்தக்கது அவ்வளவே.